முதுகலை ஆசிரியர் தேர்வு, கணிதம்: ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டுப் பாருங்கள்

2019 செப்டம்பரில் முதல் முறையாக, தமிழ்நாடு ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் முதுகலை ஆசிரியர் தேர்வை எழுதினேன். எம்.எஸ்சி. நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கி, தேற்றம் தேற்றமாக நிரூபணங்களை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். சைலோ தேற்றத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். ஆனால் கணினித் திரையில் வந்த கேள்விகளில் ஒன்றுகூட நிரூபிக்கச் சொல்லவில்லை. "கீழ்க்காண்பவற்றுள் எது எப்போதும் உண்மை?" என்ற மாதிரிக் கேள்விகளே திரும்பத் திரும்ப வந்தன. நான்கு விடைகளுமே எனக்கு உண்மை மாதிரித் தெரிந்தன. அந்த முறை தேறவில்லை.

என் படிப்பைத் திருப்பிப் போட்டது ஒரு மாணவியின் கேள்விதான். அப்போது தனியார் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணிதம் எடுத்துக்கொண்டிருந்தேன். ரோலின் தேற்றத்துக்கு மூன்று நிபந்தனைகளையும் கரும்பலகையில் எழுதினேன்: மூடிய இடைவெளியில் தொடர்ச்சி, திறந்த இடைவெளியில் வகையிடத்தக்கது, இரண்டு முனைகளிலும் ஒரே மதிப்பு. கடைசி பெஞ்சுப் பெண் எழுந்து, "மிஸ், இதுல ஒண்ணு மட்டும் இல்லன்னா என்ன ஆகும்?" என்று கேட்டாள். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு, அன்றிரவு உட்கார்ந்து மூன்று உதாரணங்கள் தேடினேன்.

வகையிடத்தக்கது என்பதை எடுத்துவிட்டால், மைனஸ் 1 முதல் 1 வரை எக்ஸின் மட்டு மதிப்பு. முனைகளில் ஒரே மதிப்பு, தொடர்ச்சியும் உண்டு. ஆனால் சுழியில் கூர்முனை இருப்பதால், தொடுகோடு கிடையாகப் படுக்கும் இடமே கிடையாது. முனை மதிப்புகள் ஒன்று என்பதை எடுத்துவிட்டால், எக்ஸ் என்ற சார்பே போதும். அதன் சாய்வு எங்கும் 1. தொடர்ச்சியை எடுத்துவிட்டால், 0 முதல் 1 வரை அதே எக்ஸை வைத்துக்கொண்டு, 1 என்ற புள்ளியில் மட்டும் மதிப்பைச் சுழி ஆக்கிவிடலாம். மூன்று நிபந்தனை, மூன்று உதாரணம். அன்றைக்குத்தான் ரோலின் தேற்றம் எனக்குப் புரிந்தது என்று சொல்வேன், அதற்கு முன் ஆறு வருஷம் அதை நடத்தியிருந்தும்.

மறுநாளே 200 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். பாடத்திட்டத்தில் உள்ள ஒவ்வொரு தேற்றத்துக்கும் ஒரு பக்கம். மேலே தேற்றத்தை ஒரே வாக்கியத்தில், கீழே நிபந்தனைகளை வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது இல்லாவிட்டால் தேற்றத்தை உடைக்கிற ஓர் உதாரணம். நிரூபணம் எழுதவில்லை. நிரூபணத்தின் எந்த வரியில் எந்த நிபந்தனை வேலை செய்கிறது என்று மட்டும் குறித்தேன். 2022 பிப்ரவரித் தேர்வில் தேறியதற்கு இந்த நோட்டுதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். அதனால் இதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

என் நோட்டிலிருந்து சில பக்கங்கள்.

லெக்ராஞ்சி தேற்றம்: முடிவுள்ள குலத்தில் (group) உட்குலத்தின் வரிசை, அதாவது உறுப்புகளின் எண்ணிக்கை, குலத்தின் வரிசையை வகுக்கும். மறுதலை உண்மையா? 4 பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்கள் சேர்ந்த குலத்தின் வரிசை 12. அதில் 6 வரிசை கொண்ட உட்குலம் கிடையாது. இந்த ஒரு குலத்தை நன்றாகத் தெரிந்துவைத்தால் குலக் கோட்பாட்டில் பல தவறான விடைகளை அடித்துவிடலாம்.

இரண்டு பகா எண்களின் பெருக்கல் வரிசை: 15 வரிசை கொண்ட குலம் எப்போதும் சக்கரக் குலம்தான். 21 என்றால்? 15இல் சிறிய பகா எண் 3. பெரியதில் ஒன்றைக் கழித்தால் 4. 3 அதை வகுக்காது. 21இல் 7லிருந்து ஒன்றைக் கழித்தால் 6. 3 அதை வகுத்துவிடுகிறது. அதனால் எபீலியன் அல்லாத, அதாவது பரிமாற்று விதி பொருந்தாத, குலம் ஒன்றும் அங்கே இருக்கிறது. 15ஐயும் 21ஐயும் ஒரே பக்கத்தில் எதிரெதிரே எழுதிவைத்தேன்.

தொடர்ச்சியான சார்புகளின் எல்லை: சீராக ஒருங்கினால் எல்லைச் சார்பும் தொடர்ச்சியாக இருக்கும். 'சீராக' என்பதை எடுத்துவிட்டால், 0 முதல் 1 வரை எக்ஸின் அடுக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்கு ஏற ஏற, 1க்கு முன்னால் எல்லாம் சுழிக்குப் போய்விடும். 1இல் மட்டும் 1ஆகவே நிற்கும். மெய்ப் பகுப்பாய்வு முழுக்க இந்த ஓர் உதாரணம் கூடவே வரும்.

ரான்ஸ்கியன் (சார்புகளையும் அவற்றின் வகைக்கெழுக்களையும் வைத்து அமைக்கும் அணிக்கோவை): என்னை அதிகம் ஏமாற்றியது இதுதான். இரண்டு சார்புகளின் ரான்ஸ்கியன் எங்கும் சுழி என்றால் அவை ஒன்றையொன்று சார்ந்தவை என்றே நினைத்திருந்தேன். எக்ஸின் வர்க்கத்தையும், எக்ஸை அதன் மட்டு மதிப்பால் பெருக்கியதையும் எடுத்துப் பாருங்கள். ரான்ஸ்கியன் எல்லா இடத்திலும் சுழி. ஆனால் முழு எண்கோட்டில் அவை சார்பற்றவை. அப்படியானால் நாம் கல்லூரியில் படித்தது? அவை இரண்டும் தொடர்ச்சியான கெழுக்கள் கொண்ட ஒரே நேரியல் சமபடித்தான வகைக்கெழுச் சமன்பாட்டின் தீர்வுகளாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கேள்வியில் 'தீர்வுகள்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விடையைத் தொட வேண்டும்.

புள்ளியியல்: சார்பற்ற மாறிகளின் ஒட்டுறவுக் கெழு சுழி. மறுதலை உண்மை இல்லை. மைனஸ் 1, 0, 1 மூன்றையும் சம வாய்ப்போடு எடுக்கும் ஒரு மாறியும் அதன் வர்க்கமும் உதாரணம்.

இப்படி ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போதும். உதாரணத்தை நீங்களே கண்டுபிடிக்க இருபது நிமிடமாவது முயன்றுவிட்டு, அப்புறம் புத்தகத்தைத் திறங்கள். தேடித் தோற்றுப்போன உதாரணம்தான் மறக்காது.

இனித் தேர்வின் அமைப்பு. முதன்மைத் தாள் 150 கேள்வி, 150 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் கணிதம் 110, கல்வியியல் 30, பொது அறிவு 10. தவறான விடைக்குக் கழித்தல் கிடையாது. எதையும் விட்டுவிட்டு வராதீர்கள். நான் எழுதிய பாடத்திட்டத்தில் பத்து அலகுகள். ஃபூரியே தொடர் தனி அலகு, புள்ளியியல் மட்டும் இரண்டு அலகு. பழைய கையேடுகள் அதை வைத்துத்தான் அச்சாகியிருக்கும். ஆகவே கடையில் புத்தகம் வாங்கும் முன், ஆசிரியர் தேர்வு வாரியத்தின் இணையதளத்தில் இப்போதைய அறிவிப்புக்கான பாடத்திட்டத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். அதில் இல்லாததைப் படிக்காதீர்கள், எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும்.

எல்லா அலகுக்கும் ஒரே அளவு நேரம் தர வேண்டியதில்லை. இயற்கணிதமும் மெய்ப் பகுப்பாய்வும் அடித்தளம்; சார்புப் பகுப்பாய்வும் கலப்பெண் பகுப்பாய்வும் அவற்றின் மேல்தான் நிற்கின்றன. முதல் மூன்று மாதம் காலை நாலரை முதல் ஆறரை வரை இந்த இரண்டுக்கே கொடுத்தேன். ஆறரைக்கு மேல் மகளைப் பள்ளிக்குக் கிளப்ப வேண்டும். அதற்கப்புறம் இரவு எட்டரைவரை நேரம் என்னுடையது இல்லை. செயல்முறை ஆராய்ச்சி மாதிரியான பகுதிகளை இரவில் வைத்துக்கொண்டேன். போக்குவரத்துக் கணக்கு, ஒதுக்கீட்டுக் கணக்கு எல்லாம் கை வேலைதான், களைப்பிலும் ஓடும்.

எண்ணிச் சொல்லும் கேள்விகளுக்கு ஒரு தனித் தாள் வையுங்கள். வரிசை 72 கொண்ட எபீலியன் குலங்கள் எத்தனை? 72 என்பது 2இன் கனத்தையும் 3இன் வர்க்கத்தையும் பெருக்கியது. அடுக்கு 3ஐக் கூட்டலாகப் பிரிக்க மூன்று வழி, அடுக்கு 2ஐப் பிரிக்க இரண்டு வழி, பெருக்கினால் 6. வரிசை 20 கொண்ட சக்கரக் குலத்துக்குப் பிறப்பாக்கிகள் எத்தனை? 20உடன் பொதுக் காரணி இல்லாத எண்கள், 8. இரண்டின் 12ஆம் அடுக்கு உறுப்புகள் கொண்ட களத்துக்கு உட்களங்கள் எத்தனை? 12க்கு எத்தனை வகுஎண்களோ அத்தனை, 6. வழி தெரிந்தால் இருபது நொடி, தெரியாவிட்டால் இருபது நிமிடம். பள்ளி விட்டு வரும் பேருந்தில் இந்தத் தாளை மட்டும் கையில் வைத்திருப்பேன்.

கல்வியியலைக் கணிதக்காரர்கள் அலட்சியம் செய்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 30 மதிப்பெண் என்பது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பி.எட். நோட்டிலேயே பெரும்பாலும் இருக்கிறது. பியாஜேயின் நான்கு நிலைகளை வயதோடு, கோல்பர்க், வைகாட்ஸ்கி, புளூம் இவர்களின் கருத்துகளை வகுப்பறை நிகழ்வோடு சேர்த்துப் படியுங்கள். கல்விக் குழுக்களை ஆண்டோடு: ஹண்டர் 1882, ராதாகிருஷ்ணன் 1948-49, முதலியார் 1952-53, கோத்தாரி 1964-66. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொது அறிவு 10க்குச் செய்தித்தாள் போதும்.

2025 அக்டோபர் 12 தேர்வுக்கு என் தங்கை தயாரானபோது தமிழ்த் தகுதித் தாள் சேர்ந்திருந்தது. 30 கேள்வி, 50 மதிப்பெண், அரை மணி நேரம். 20 மதிப்பெண் வராவிட்டால் கணிதத் தாளை மதிப்பிடவே மாட்டார்கள். அவள் மழலையர் வகுப்பிலிருந்து ஆங்கில வழி. புணர்ச்சி விதி என்றாலே முகம் வாடிவிடும். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலை நாளுக்கு ஓர் இயலாக, பின்பக்கப் பயிற்சிகளோடு முடிக்க வைத்தேன். தினமும் அம்மாவிடம் ஒரு குறளைச் சொல்லிப் பொருளும் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தம். நீங்களும் ஆங்கில வழி என்றால் இதைத்தான் முதலில் தொடங்குங்கள்.

நேரத்தை இப்படிப் பிரியுங்கள். கல்வியியலுக்கு 15 நிமிடம், பொது அறிவுக்கு 5. மீதி 160 நிமிடத்தில் 110 கணிதக் கேள்வி. ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம்கூட முழுசாக இல்லை. முதல் சுற்றில் பார்த்தவுடன் தெரிகிறவை, இரண்டாவதில் கணக்கிட வேண்டியவை. 'எப்போதும் உண்மை' வகையில் சிறிய உதாரணத்தைப் போட்டுப் பாருங்கள்: 2க்கு 2 அணி, மூன்று பொருள்களின் வரிசைமாற்றக் குலம், எக்ஸின் மட்டு. பெரும்பாலும் இரண்டு விடைகள் அங்கேயே விழுந்துவிடும். நான் கணினியில் எழுதினேன், தங்கை ஓஎம்ஆர் தாளில், அதாவது விடைக்கான வட்டத்தை நிரப்பும் தாளில், எழுதினாள். ஓஎம்ஆர் என்றால் வீட்டு மாதிரித் தேர்விலும் வட்டத்தைப் பேனாவால் நிரப்பியே பழகுங்கள். 150 வட்டத்துக்கு ஆகும் நேரத்தை அவள் முதல் மாதிரித் தேர்வில்தான் உணர்ந்தாள்.

தேர்வு முடிந்தபின் வாரியம் தற்காலிக விடைக்குறிப்பை வெளியிடும். விடை தவறு என்று தோன்றினால் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆனால் ஆதாரமாகத் தரமான பாடப்புத்தகப் பக்கத்தைத்தான் காட்ட வேண்டும், வழிகாட்டிக் கையேடுகளை ஏற்க மாட்டார்கள். அதற்குத் தரும் அவகாசமோ சில நாள்கள்தான். அந்த நாள்களில் எந்தப் புத்தகத்தில் எங்கே பார்த்தோம் என்று தேட ஆரம்பித்தால் நேரம் போய்விடும். எனவே நோட்டில் ஒவ்வொரு தேற்றப் பக்கத்தின் ஓரத்திலும் புத்தகத்தின் பெயரையும், பதிப்பையும், பக்க எண்ணையும் முதல் நாளிலிருந்தே எழுதிவையுங்கள்.