பழைய இசைத்தட்டு வாங்கும்போது கிரேடு தகராறில் கொண்டுபோய் விடும் தவறுகள்

பயன்படுத்திய வினைல் இசைத்தட்டுகளை இணையத்தில் வாங்குவோருக்கும் விற்போருக்கும் இடையே மூளும் சச்சரவுகளைக் கூர்ந்து பார்த்தால், அப்பட்டமான மோசடி அவற்றில் அபூர்வமாகவே தென்படும். விற்பவர் தட்டை மேசை விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்து, மேலோட்டமான சில கீற்றுகளைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாததால் 'விஜி பிளஸ்' ('வெரி குட் பிளஸ்' என்பதன் சுருக்கம்) என்று தட்டின் நிலையைக் குறிக்கும் கிரேடைக் குறிப்பிடுகிறார். வாங்கியவர் அதைச் சுழலவிட்டு, மெதுவாகத் தொடங்கும் ஒரு பாடலின் முதல் அரை நிமிடத்தில் கரகரப்பைக் கேட்டதும், 'இது ஒரு படி கீழான விஜிக்கே ('வெரி குட்') தேறாது' என்று எழுதுகிறார். இருவருமே தாங்கள் கண்டதையும் கேட்டதையும்தான் சொல்கிறார்கள். கிரேடு என்பது ஒரு மனிதரின் மதிப்பீடு. அந்த மதிப்பீடு எதை வைத்துச் செய்யப்பட்டது என்பதைப் பணம் செலுத்துவதற்கு முன்பே கேட்டறியாததுதான் பெரும்பாலான தகராறுகளின் வேர்.

எந்த அளவுகோல் என்று கேட்காமலே எழுத்துகளை நம்புவது முதல் தவறு. அமெரிக்காவின் 'கோல்ட்மைன்' பத்திரிகை வழக்கில் கொண்டுவந்த வரிசை மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட் என்று இறங்கி, குட், ஃபேர், புவர் வரை செல்கிறது. டிஸ்காக்ஸ் என்னும் இணைய இசைத்தட்டுச் சந்தையில் விற்பவர்கள் பின்பற்ற வேண்டியதும் இதே வரிசைதான். பிரிட்டனின் 'ரெக்கார்ட் கலெக்டர்' பத்திரிகையின் வரிசையிலோ நியர் மின்ட் கிடையாது. மின்ட்டுக்கு அடுத்தபடி எக்ஸலன்ட், அதற்கடுத்தது வெரி குட். ஆகவே ஒரு நாட்டு விற்பனையாளரின் விஜியும் இன்னொரு நாட்டு விற்பனையாளரின் விஜியும் ஒரே நிலையைக் குறிக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்த வேறுபாடு விலையிலும் எதிரொலிக்கிறது. கோல்ட்மைன் வழிகாட்டியின்படி விஜி பிளஸ் தட்டின் மதிப்பு நியர் மின்ட் மதிப்பில் ஏறத்தாழ பாதி, விஜியின் மதிப்பு ஏறத்தாழ கால் பங்கு. ஒரு படி சறுக்கினால் பணத்தில் பாதி போய்விடுகிறது என்னும்போது, ஒரு கூட்டல் குறிக்காக மனிதர்கள் பக்கம் பக்கமாக வாதாடுவதில் வியப்பில்லை. குட் என்று குறிக்கப்பட்ட தட்டு ஊசி தாவாமல் ஓடும், ஆனால் பாட்டோடு இரைச்சலும் தொடர்ந்து கேட்கும் என்பதே இந்த வரிசையின் பொருள். அதை வாங்கிவிட்டுத் தெளிவான ஒலியை எதிர்பார்ப்பவருக்கு எந்தச் சந்தையிலும் தீர்ப்பு சாதகமாக வராது. மறுபுறம், எல்லாவற்றுக்கும் 'மின்ட்' என்று எழுதும் விற்பனையாளரிடம் சற்று விலகி நிற்பதே நல்லது. ஒருமுறைகூட ஓடாத, ஒரு குறையும் இல்லாத தட்டுக்கு மட்டுமே உரிய அந்தச் சொல்லைப் பழகிய கைகள் எளிதில் எழுதுவதில்லை.

அடுத்த தவறு, பார்த்து மட்டும் தரப்பட்ட கிரேடை, ஓடவிட்டுக் கேட்டுத் தரப்பட்டதாக நினைத்துக்கொள்வது. ஆயிரக்கணக்கில் தட்டுகளை வைத்து விற்பவர் ஒவ்வொன்றையும் இரு பக்கமும் கேட்க முடியாது. பார்வையால் மதிப்பிடுவதே தொழிலின் நடைமுறை. அதில் குற்றமும் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் பல இடங்களில் பொருந்துவதில்லை. காகித உள்ளுறைக்குள் போட்டு எடுக்கும்போது விழும் மெல்லிய மயிர்க்கீற்றுகள் விளக்கடியில் அச்சமூட்டும்படி மின்னும். அவற்றில் பல ஒலியாக வெளிப்படுவதே இல்லை. நேர்மாறாக, கண்ணாடிபோல் பளபளக்கும் தட்டு உரத்த பகுதிகளில் பிசிறடிப்பதும் உண்டு. காரணம், ஊசி ஓடும் பள்ளத்தின் தேய்மானம். ஊசியைத் தாங்கும் இன்றைய காட்ரிட்ஜ்கள் பெரும்பாலும் 2 கிராம் அளவிலான அழுத்தத்தில் தட்டின் மேல் நகர்கின்றன. தட்டுகளை ஓடவிடும் பழைய மலிவுப் பெட்டிகளில் அதைப்போல் பல மடங்கு எடை அழுத்தியது, ஊசியும் தேய்ந்து மழுங்கிய பிறகும் மாற்றப்படாமல் கிடந்தது. அப்படி உழப்பட்ட பள்ளங்களின் சேதம் மேற்பரப்பில் தெரியாமல், பாடகரின் 'ச', 'ஸ' ஒலிகளிலும், பக்கத்தின் கடைசிப் பாடலிலும் முதலில் தலைகாட்டும். தட்டின் மையத்தை நெருங்க நெருங்க ஒவ்வொரு சுற்றின் நீளமும் குறைவதால், ஒலி அலைகள் அங்கே நெருக்கமாகப் பதிந்திருக்கும். சேதமும் அங்கேதான் கூர்மையாகக் கேட்கும்.

யாரும் தேய்க்காமலே பிறவியிலேயே குறையுள்ள தட்டுகளும் உள்ளன. அச்சு வார்க்கும்போது வினைல் பள்ளத்தை முழுமையாக நிரப்பாமல் போனால், புதிதாகத் தோன்றும் தட்டிலும் துணி கிழிவது போன்ற ஓசை சில விநாடிகள் வரும். நடுத்துளை சற்றே விலகியிருந்தால் நீண்ட சுரங்கள் ஏறி இறங்கித் தள்ளாடும். மென்மையான பிவிசி உறையில் பல ஆண்டுகள் கிடந்த தட்டின் மேல் பால்நிறப் படலம் படிந்து, எத்தனை முறை கழுவினாலும் சீறல் நீங்காமல் இருக்கும். சில அமெரிக்க நிறுவனங்களின், நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் தட்டுகள் வினைலுக்குப் பதில் ஸ்டைரீன் என்ற வேறொரு பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டவை. அவை வெகு விரைவில் தேய்ந்தும் மினுமினுப்பை இழக்காதவை, ஆகவே பார்வை மதிப்பீட்டை எளிதாக ஏமாற்றுபவை. இவற்றையெல்லாம் விற்பவர் மறைத்தார் என்று குற்றம் சாட்டுவதற்கு முன், அவர் அவற்றைக் கேட்டிருக்க வாய்ப்பு உண்டா என்று யோசிப்பது நியாயம். விலை மிகுந்த தட்டு என்றால் 'ஓடவிட்டுக் கேட்டீர்களா? முழுவதுமா, சில இடங்களை மட்டுமா?' என்று வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுவது பாதித் தகராறைத் தடுத்துவிடும்.

கேள்விகளைப் பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும் என்பதையும் சொல்ல வேண்டும். 'நிலை எப்படி?' என்பதற்கு 'வயதுக்கு ஏற்ப நன்றாக இருக்கிறது' என்ற பதில் வந்தால், அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. கீறல் எந்தப் பக்கத்தில், எந்தப் பாடலின் மேல் விழுந்திருக்கிறது, அதன் மேல் நகத்தை மெல்ல நகர்த்தினால் தட்டுப்படுகிறதா, அங்கே ஊசி தாவுகிறதா என்று கேட்க வேண்டும். நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் ஏறக்குறைய எப்போதும் காதுக்கும் கேட்கும். 'சில டிக் ஒலிகள்' என்பதையும் கணக்காக்க முடியும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் தட்டு ஒரு சுற்றை 1.8 விநாடியில் முடிக்கிறது; குறுக்கே விழுந்த கீறலின் 'டக்' ஒலி அதே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். 15 விநாடி நீடிக்கும் 'டக் டக்' என்றால் ஏறத்தாழ எட்டுச் சுற்றுகளை அந்தக் கீறல் வெட்டியிருக்கிறது என்று பொருள். எட்டு டிக் ஒலிகளை ஒரு ராக் தட்டில் பலர் பொருட்படுத்த மாட்டார்கள். தனிப் பியானோ இசையில் அவையே தட்டை ஒதுக்கிவைக்கப் போதுமானவை. ஒரே சேதம், ஒரே கிரேடு, ஆனால் கேட்பவருக்கு வேறு வேறு இழப்பு. எந்த அளவுகோலும் இதை எழுத்தில் அடக்குவதில்லை என்பதால்தான், எழுத்தைவிட விற்பவர் எழுதும் இரண்டு வரி விவரத்துக்கு அதிக மதிப்புத் தர வேண்டும் என்பது என் கருத்து. விவரமே இல்லாத நியர் மின்ட்டைவிட, குறைகளை ஒன்றுவிடாமல் எழுதிய விஜி பிளஸ் பாதுகாப்பான கொள்முதல்.

படங்களை மேம்போக்காகப் பார்ப்பதும் பின்னால் வருத்தத்தைத் தரும். மேகமூட்டமான பகலின் பரவலான வெளிச்சத்தில் எடுத்த படத்தில் எந்தத் தட்டும் கறுத்து மின்னும். ஒற்றை விளக்கின் ஒளி சாய்வாக விழும்படி, இரு பக்கத்துக்கும் படம் கேளுங்கள். லேபிளின் நடுத்துளையைச் சுற்றியுள்ள இடத்தையும் நெருக்கமாகப் பாருங்கள்: தட்டைச் சுழல்தண்டில் பொருத்தும்போது துளையைத் தேடி அலைந்த கைகள் அங்கே மெல்லிய கோடுகளை விட்டிருக்கும்; அவை ஏராளமாக இருந்தால், 'ஓரிரு முறை மட்டும் ஓடியது' என்ற வாசகத்தை ஐயத்தோடுதான் படிக்க வேண்டும். கடைசிப் பாடலுக்கும் லேபிளுக்கும் இடையிலுள்ள வெற்று வளையத்தில் பொறித்த எண்களின் படமும் தேவை. கிரேடு சரியாக இருந்தும் வேறு பதிப்பு வந்து சேர்வது தனி வகைத் தகராறு. அதைத் தீர்ப்பவை அந்த எண்களே.

அட்டை உறைக்குத் தனிக் கிரேடு உண்டு என்பதை மறந்து, ஒற்றைக் கிரேடை இரண்டுக்கும் பொருத்திப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். தட்டின் வட்டம் உறையில் பதிந்த தேய்மானம், ஓர விரிசல், பேனா எழுத்து, மலிவு விற்பனைக்காக மூலையில் வெட்டிய வெட்டு ஆகியவை குறிப்பிடப்பட்டுள்ளனவா என்று பார்த்தால் போதும். பிரிக்காத உறை என்பதும் உத்தரவாதம் ஆகாது. உள்ளே தட்டு வளைந்திருக்கலாம். நெகிழித்தாளை யாரோ பின்னர் புதிதாகச் சுற்றியும் இருக்கலாம்.

தட்டு வந்து சேர்ந்த பிறகு செய்யும் தவறுகள் வேறு வகையானவை. முதல் டிக் ஒலி கேட்டவுடன் கோபத்தோடு எழுத உட்காருவது அவற்றில் தலையாயது. ஊசியின் நுனியில் திரண்ட தூசியும், வறண்ட காற்றில் தட்டு ஏற்றிக்கொள்ளும் நிலைமின்னூட்டமும், தட்டின் மேல் படிந்த விரல்ரேகையும் கீறலைப் போலவே ஒலிக்கக்கூடியவை. நன்றாக ஓடும் என்று தெரிந்த வேறொரு தட்டை அதே கருவியில் ஓடவிட்டுப் பாருங்கள். அதிலும் பிசிறு கேட்டால் வழக்கு உங்கள் ஊசியின் மேல்தான். ஊசியின் வடிவமும் முடிவை மாற்றும். கூம்பு முனையும் நீள்வட்ட முனையும் பள்ளச் சுவரை வெவ்வேறு உயரத்தில் தொடுவதால், ஒன்றில் இரையும் தட்டு மற்றொன்றில் அமைதியாக ஓடுவது உண்டு. விற்பவர் 'என் கருவியில் இப்படிக் கேட்கவில்லை' என்று சொன்னால், அது சாக்காகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

கழுவிப் பார்க்கலாமா என்பதில் கவனம் தேவை. வந்த நிலையிலேயே முதலில் படங்களும் ஒலிப்பதிவும் எடுத்து வைத்துக்கொண்டு, கார்பன் இழைத் தூரிகையால் மட்டும் துடைத்துக் கேளுங்கள். அதற்குமேல் ஈரமாகக் கழுவ வேண்டுமென்றால் விற்பவரிடம் ஒரு வரி எழுதிவிட்டுச் செய்வது நல்லது. இல்லாவிட்டால் 'கீறலை நீங்களே உண்டாக்கினீர்கள்' என்ற பதிலுக்கு இடம் கொடுத்ததாகிவிடும். 78 சுற்று ஷெல்லாக் (அரக்கு) தட்டுகளின் மேல் ஆல்கஹால் கலந்த திரவம் படவே கூடாது, அது தட்டையே கரைக்கும். வளைந்து வந்த தட்டைச் சூடேற்றி நிமிர்த்த முயன்றவருக்குத் திருப்பி அனுப்பும் உரிமை அநேகமாகப் போய்விட்டது என்றே கொள்ளலாம்.

கிரேடில் உள்ள பிழையையும் அஞ்சலில் நேர்ந்த சேதத்தையும் ஒரே புகாரில் குழப்புவது, சரியான கோரிக்கையையும் பலவீனமாக்கிவிடும். உறையின் ஓரம் புதிதாகப் பிளந்திருப்பதும் மூலை நசுங்கியிருப்பதும் பெரும்பாலும் வழியில் நடப்பவை; அவற்றுக்குப் பெட்டியின் படம்தான் சான்று. அதனால் தகராறு முடியும்வரை பெட்டியை எறியாதீர்கள்.

புகார்க் கடிதத்தில் கிரேடை வைத்து வாதாடுவதைத் தவிர்த்து, கண்டதை மட்டும் எழுதினால் காரியம் நடக்கும். 'இது விஜிகூட இல்லை, ஏமாற்றிவிட்டீர்கள்' என்ற வரி எதிர்ப்பக்கத்தை அரண் கட்ட வைக்கும். 'வணக்கம். தட்டு பத்திரமாக வந்தது. இரண்டாம் பக்கத்தின் முதல் பாடலில் 40ஆம் விநாடியிலிருந்து சுமார் 20 விநாடிகள் சுற்றுக்கு ஒருமுறை டிக் ஒலி வருகிறது. அந்த இடத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் இருக்கிறது. விவரத்தில் இது இடம்பெறவில்லை. படமும் ஒலிப்பதிவும் இணைத்துள்ளேன். எப்படித் தீர்க்கலாம் என்று சொல்லுங்கள்' என்று எழுதினால், நேர்மையான விற்பனையாளர் மறுப்பது அரிது. எடுத்த எடுப்பிலேயே பாதிப் பணம் கேட்பதையும் தவிர்க்க வேண்டும். தட்டையும் வைத்துக்கொண்டு விலையையும் குறைக்கப் பார்க்கிறார் என்ற ஐயம் விற்பவர்களிடையே ஆழமாக வேரூன்றியது. அந்த ஐயத்தை உண்டாக்கும் வகையில் நடப்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். திருப்பி அனுப்பத் தயார் என்பதை முதலில் சொல்லுங்கள், தள்ளுபடிப் பேச்சை அவரே தொடங்கட்டும். எதிர்மறை மதிப்புரை எழுதுவேன் என்று மிரட்டிப் பணம் கேட்பது இணையச் சந்தையான ஈபேயின் விதிகளின்படி மீறல். உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் அந்த ஒரு வரி உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

நாகரிகமாகக் காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. ஈபேயின் பணம் திரும்பும் உத்தரவாதத்தில் பொருள் வந்ததிலிருந்து 30 நாள்களுக்குள் கோர வேண்டும். இணையவழிப் பணச் சேவையான பேபாலில் பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாள்களுக்குள் தகராறைத் தொடங்கலாம், ஆனால் தொடங்கிய 20 நாள்களுக்குள் அதை முறையான கோரிக்கையாக உயர்த்தாவிட்டால் தானாக மூடப்பட்டுவிடும். 'அடுத்த வாரம் பார்க்கிறேன்' என்று விற்பவர் நாள் கடத்தும்போது இந்தத் தேதிகள் மனதில் இருக்கட்டும். கட்டணத்தை மிச்சப்படுத்துவதற்காக பேபாலின் 'நண்பர்கள், குடும்பத்தினர்' வழியாகப் பணம் அனுப்பச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்; அவ்வழியில் சென்ற பணத்துக்கு வாங்குவோர் பாதுகாப்பே கிடையாது. பேச்சு முழுவதும் சந்தையின் செய்திப் பெட்டிக்குள்ளேயே நடக்கட்டும்.

திருப்பி அனுப்புவது என்று முடிவானால், தட்டை அதன் உள்ளுறையோடு அட்டை உறைக்கு வெளியே எடுத்து வைத்து, இருபுறமும் கெட்டி அட்டை கொடுத்துக் கட்டுங்கள். தட்டு உறைக்குள்ளேயே இருந்தால் வழியில் அது ஓரத்தில் மோதி உறையைப் பிளக்கும், அந்தப் பிளவு உங்கள் கணக்கில் எழுதப்படும். கட்டுவதற்கு முன் பொறிப்பு எண்கள் தெரியும்படி ஒரு படம் எடுத்து வைத்தால், வேறு தட்டை மாற்றி அனுப்பினீர்கள் என்ற குற்றச்சாட்டு எழாது. கண்காணிப்பு எண் உள்ள அஞ்சலில் அனுப்பி, அந்த எண்ணை அன்றே தகராறுப் பக்கத்தில் பதிந்துவிடுங்கள்.