பால் பத்துமா என்ற பயம்: குறைமாத, நிறைமாதக் குழந்தைகளின் தாய்மார்களுக்கு

பாதியில் பால் கொடுப்பதை நிறுத்திவிடும் தாய்மார்களில் பலருக்குப் பால் வற்றியிருக்காது. பத்தாது என்ற எண்ணம் வந்திருக்கும், அவ்வளவுதான். தன்னால் பால் கொடுக்க முடியும் என்ற நம்பிக்கையை அளக்க கனடாவின் செவிலியர் ஆய்வாளர் சிண்டி-லீ டென்னிஸ் 1999-இல் ஒரு வினாத்தாளை உருவாக்கினார். 2003-இல் அதை 14 கேள்விகளாகச் சுருக்கினார். அதன் அடிப்படை எளிது: தானே செய்து பார்த்தது, மற்றவர் செய்வதைக் கண்டது, நம்பும் ஒருவர் சொன்ன சொல், உடம்பும் மனமும் இருக்கும் நிலை ஆகிய நான்கிலிருந்துதான் தைரியம் வருகிறது. முதலாவதற்குத்தான் வலு அதிகம்.

நிறைமாதக் குழந்தை என்றால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடுங்கள். சிசேரியன் ஆனாலும் தாயும் குழந்தையும் நலமாக இருந்தால் முடியும். சேனை, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். முதல் நாளில் குழந்தை ஒருமுறைக்குக் குடிப்பது சில மில்லி சீம்பால்தான். அதற்கு அது போதும்.

குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். மூக்கு காம்புக்கு நேரே வரட்டும். வாயை அகலமாகத் திறக்கும் நொடியில் குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். மார்பைக் குழந்தையிடம் நீட்டாதீர்கள். தாடை மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடிந்து, காம்பைச் சுற்றிய கருவட்டம் வாய்க்கு மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரிந்தால் பிடிப்பு சரி. வலி தொடர்ந்தால் பெரும்பாலும் குழந்தை காம்பை மட்டும் கவ்வியிருக்கிறது. பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டாம். வாயோரத்தில் விரலை விட்டு எடுத்து, மறுபடி போடுங்கள்.

"பால் தண்ணியா இருக்கே", "மாரு கட்டவே இல்லையே", "பிள்ளை சாயங்காலம் முழுக்க அழுவுதே" என்று வீட்டில் சொல்வார்கள். இவை எதுவும் பால் குறைவதன் அடையாளம் இல்லை. ஒவ்வொரு முறையும் முதலில் வரும் பால் மெல்லியதாகத்தான் இருக்கும். சில வாரங்களில் மார்பு மிருதுவாவது இயல்பு. மாலையில் அடிக்கடி கேட்பதும் இயல்பே. நம்ப வேண்டியவை வேறு: ஐந்தாம் நாள் முதல் 24 மணி நேரத்தில் குறைந்தது 6 முறை வெளிர்நிறச் சிறுநீர், மஞ்சள் மலம், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்புவது.

குறைமாதத் தாயின் நிலை வேறு. குழந்தை உடலைச் சூடாக வைக்கும் வார்மரில் இருக்கும், மார்பில் போடவே முடியாது. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றும் ஒன்றுசேர்வது கர்ப்பக் கணக்கில் சுமார் 34-ஆம் வாரத்தில்தான். அதுவரை முதலில் குழாய், பிறகு பாலாடை எனும் மூக்குள்ள சிறு கிண்ணம். ஆகவே உங்கள் தைரியம் கையால் பால் எடுப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். பிரசவமான ஒரு மணி நேரத்துக்குள், முடியாவிட்டால் 6 மணி நேரத்துக்குள் தொடங்குங்கள். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை எடுங்கள். இரவில் ஒருமுறையாவது அவசியம். 5 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட்டால் சுரப்பு குறையும்.

கையைக் கழுவி, மார்பை மென்மையாகத் தடவிக்கொடுங்கள். காம்பிலிருந்து 2–3 செ.மீ. பின்னால் கட்டைவிரல் மேலேயும் ஆள்காட்டி விரல் கீழேயும் வையுங்கள். பின்னால் விலா எலும்பை நோக்கி அழுத்துங்கள், பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விடுங்கள். இதே தாளத்தில் செய்து, விரல்களின் இடத்தைச் சுற்றிலும் மாற்றுங்கள். இரு மார்பும் சேர்த்து 20–30 நிமிடம் ஆகும். காம்பையே பிதுக்கினால் வலிக்கும், பாலும் வராது. விரல் தோலில் வழுக்கினால் புண்ணாகும். பலர் முதல் சில நிமிடம் ஒன்றும் வராததைப் பார்த்து நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் பெரிய இழப்பு. சீம்பால் பம்பில் ஒட்டிக்கொள்வதால் முதல் இரண்டு நாள் கைதான் சிறந்தது. ஒவ்வொரு சொட்டையும் ஊசியில்லாச் சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்துக் கொடுங்கள்.

கிண்ணத்தின் அடியில் 15 மில்லி இருந்தால் கண்ணுக்குக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் 1.2 கிலோ குழந்தை முழு அளவு பால் குடிக்கத் தொடங்கும்போது ஒரு நாள் தேவை சுமார் 180 மில்லி. இரண்டு மணிக்கொருமுறை என்றால் ஒரு வேளைக்கு அதே 15 மில்லிதான்! ஆரம்ப நாட்களில் அதைவிடவும் குறைவு. நேரம், அளவு இரண்டையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். கணக்கு கண்முன் ஏறுவதைப் பார்ப்பதைவிட எந்த ஆறுதலும் பெரிதில்லை. இரண்டாம் வார இறுதியில் நாளொன்றுக்கு 500 மில்லியை எட்டுவதே இலக்கு. சுரப்பு தாமதமானால் தாய்ப்பால் வங்கியின் பால் இடையில் உதவும். நீங்கள் எடுப்பதை நிறுத்த வேண்டாம்.

டாக்டர் அனுமதித்ததும் கங்காரு பராமரிப்பில் உட்காருங்கள். குழந்தையை வெறும் நெஞ்சில், துணி மறைப்பின்றி அணைத்தபடி, தினமும் முடிந்தவரை நீண்ட நேரம். அதன் பிறகு எடுக்கும் பால் பெரும்பாலும் கூடுதலாக வரும்.

32–34 வாரங்களில் பால் எடுத்துக் காலியான மார்பில் குழந்தையை நக்கவும் சப்பவும் விடுங்கள். கையிடுக்கில் குழந்தையின் உடலை வைத்து, கழுத்தையும் தோளையும் உள்ளங்கையால் தாங்குங்கள், பின்தலையை அழுத்தாதீர்கள். நாலு இழுப்பு இழுத்துத் தூங்கிவிடும். அது மறுப்பு இல்லை, களைப்பு. மீதியைப் பாலாடையில் கொடுங்கள்: தலையைச் சற்று உயர்த்தி, கீழுதட்டின் ஓரத்தில் சில சொட்டு, விழுங்கிய பின் அடுத்தது. வாயில் ஊற்றினால் புரையேறும். எடை கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 15 கிராம் ஏறினால், டாக்டர் சொல்லும் வேகத்தில் பாலாடையைக் குறைக்கலாம்.

உடன் இருப்பவர்கள் தாயைத் தூங்க விடுங்கள். பால் கிண்ணத்தில் நேரம் எழுதி வார்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். "இவ்வளவுதானா?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

குழந்தை பாலுக்கு விழிக்காமல் துவண்டிருந்தால், உடல் சில்லிட்டால், மூச்சு நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டினால், உதடு நீலமானால், 8 மணி நேரம் சிறுநீர் கழிக்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மார்பு சிவந்து கட்டி, காய்ச்சலும் வந்தால் டாக்டரைப் பார்த்து மருந்து வாங்குங்கள். அப்போதும் அந்த மார்பிலிருந்து பால் கொடுக்கலாம். நிறுத்தினால் கட்டு இன்னும் மோசமாகும்.