இரவு வேலையில் ஃபிக்ஸ் நிற்காதபோது: தென் தமிழ்நாட்டு டிஜிபிஎஸ் அளவையாளருக்கு விண்வெளி வானிலை

மார்ச் மாதம், இரவு 8 மணி. வானத்தில் மேகம் இல்லை, சுற்றிலும் மரமோ கட்டடமோ இல்லை, பேஸ் (தெரிந்த புள்ளியில் நிற்கும் ரிசீவர்) 4 கிலோமீட்டரில்தான் இருக்கிறது. விண்வெளி வானிலைத் தளத்தைத் திறந்தால் பூமியின் காந்தக் கலக்கத்தைக் காட்டும் கேபி எண் 1, 'அமைதி' என்கிறது. ஆனாலும் கையில் கொண்டு அளக்கும் ரோவர், ஃபிக்ஸுக்கும் (சென்டிமீட்டர் துல்லியம்) ஃப்ளோட்டுக்கும் (துல்லியம் உறுதியாகாத நிலை) மாறி மாறித் தாவுகிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி, ராமநாதபுரம் பக்கம் இரவில் சாலை, ரயில்பாதை, துறைமுக வேலைகளுக்கு அளப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. கருவி கெட்டுவிட்டது என்று சர்வீசுக்கு அனுப்பும் முன் படிக்க வேண்டியதை இங்கே தருகிறோம். இலங்கையில் அளப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

புவிகாந்த நடுக்கோடு தென் தமிழ்நாட்டை ஒட்டிச் செல்கிறது. 1963-இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதற்கும் இதுவே காரணம். சூரியன் மறைந்ததும் அயனி மண்டலத்தின் கீழ் அடுக்கில் எலக்ட்ரான்கள் வேகமாகக் குறைந்துவிடும். மேல் அடுக்கு அடர்த்தியாகவே இருக்கும். அந்த நேரத்தில் எழும் ஒரு மின்புலம் மேல் அடுக்கை இன்னும் உயரத் தூக்கிவிடுகிறது. எண்ணெயின் மேல் தண்ணீரை ஊற்றினால் எண்ணெய் கீற்றுக் கீற்றாக மேலே ஏறுவதுபோல, அடர்த்தி குறைந்த பிளாஸ்மா குமிழிகளாகக் கிளம்பி மேலே போகிறது. காந்தக் கோடுகளை ஒட்டி அவை வடக்கு தெற்காக நீண்டிருக்கும். முன்னிரவில் விநாடிக்கு ஏறக்குறைய 100 மீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கி நகரும். குமிழியின் உள்ளேயும் ஓரங்களிலும் சில நூறு மீட்டர் அளவிலான கரடுமுரடுகள் இருக்கும். ஜிபிஎஸ் அலை அவற்றினூடே வரும்போது சிதறி, தரையில் சிக்னல் கூடியும் குறைந்தும் துடிக்கிறது. இதுவே அயனி மண்டல மினுமினுப்பு.

இதற்குப் புவிகாந்தப் புயல் தேவையில்லை. கேபி எண் உலகம் முழுவதற்குமான காந்தக் கலக்கத்தின் அளவு, அதுவும் நடு, உயர் அட்சரேகை நிலையங்களை வைத்துக் கணிப்பது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ளவர்களுக்கு அது நல்ல வழிகாட்டி. நமக்கு அதை மட்டும் பார்ப்பது ஆபத்து. கடிகாரம், மாதம், சூரியனின் பதினோராண்டுச் சுழற்சி மூன்றையும் முதலில் பார்த்துவிட்டு, கேபியைக் கடைசியில் பாருங்கள்.

எப்போது அளக்கலாம்

மினுமினுப்பு பொதுவாக இரவு 7:30 மணியளவில் தொடங்கி நள்ளிரவை ஒட்டி அடங்கும். சில இரவுகளில் 1 மணி தாண்டியும் நீளும். மாதங்களில் மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மோசமானவை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடுத்தரம். மே முதல் ஆகஸ்ட் வரை நம் தீர்க்கரேகையில் குறைவு. ஆண்டைக் கணிக்க எஃப் 10.7 என்ற சூரிய ரேடியோ அளவு போதும். அது 100-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலான இரவுகள் சுமுகம். 150 தாண்டியிருந்தால், மேலே சொன்ன நான்கு மாதங்களில் முன்னிரவு ஆர்டிகேயை (பேஸின் திருத்தத்தை உடனுக்குடன் வாங்கி அளக்கும் முறை) நம்பித் திட்டம் போடாதீர்கள். இப்போதைய 25-ஆம் சுழற்சி உச்சக் காலத்தை அடைந்துவிட்டதாக நாசாவும் அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவும் 2024 அக்டோபரில் அறிவித்தன. உச்சத்துக்குப் பிறகும் சில ஆண்டுகள் சூரியன் முனைப்பாகவே இருக்கும்.

பகலில் தொல்லை வேறு வகை. மினுமினுப்பு இராது, ஆனால் எலக்ட்ரான் எண்ணிக்கை பிற்பகல் 2 மணியளவில் உச்சம் தொடும். ஒரு அலகு, அதாவது சதுர மீட்டருக்கு 10 ஆயிரம் லட்சம் கோடி எலக்ட்ரான், ஜிபிஎஸின் முதன்மை அலைவரிசையான எல்1 சிக்னலை 16 சென்டிமீட்டர் தாமதப்படுத்தும். நூறு அலகு என்றால் 16 மீட்டர். பேஸும் ரோவரும் அருகருகே இருந்தால் இந்தத் தாமதம் இரண்டுக்கும் பொதுவாகிக் கழிந்துவிடும். தூரம் கூடக் கூட மிச்சம் நிற்கும். நம் பகுதியில் எலக்ட்ரான் அடர்த்தி காந்த நடுக்கோட்டின் மேல் பள்ளமாகவும், அதற்கு வடக்கே அகமதாபாத், போபால் வரிசையில் மேடாகவும் இருக்கும். அதனால் பகலில் வடக்கு தெற்காகப் போகும் நீண்ட பேஸ்லைன் (பேஸுக்கும் ரோவருக்கும் இடையிலான கோடு), அதே நீளமுள்ள கிழக்கு மேற்கு பேஸ்லைனைவிட மோசம். நிரந்தர பேஸாகத் தொடர்ந்து இயங்கும் சிஓஆர்எஸ் நிலையத்தைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

மொத்தத்தில் காலை 6 முதல் 10 வரை பொன்னான நேரம். கட்டுப்பாட்டுப் புள்ளிகள் எல்லாவற்றையும் அப்போதே முடிக்க வேண்டும்.

இரவு வேலை தவிர்க்க முடியாதென்றால்

அன்று காலையிலேயே தளத்தைச் சுற்றி ஒன்றையொன்று பார்க்கும்படி 4 முதல் 6 புள்ளிகளை நட்டு, ஸ்டாட்டிக் முறையில் (ரிசீவரை அசைக்காமல் நீண்ட நேரம் வைத்து) அளந்து வையுங்கள். இரவில் அவற்றிலிருந்து டோட்டல் ஸ்டேஷனில் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) வேலையை ஓட்டலாம். உயரத்துக்கு ஆட்டோ லெவல். எங்கள் கணிப்பில் இதைவிட நம்பகமான வழி இல்லை. கீழே வரும் செட்டிங் மாற்றங்கள் எல்லாம் இதற்கு அடுத்த நிலைதான்.

ரோவரையே பயன்படுத்துவதானால் பேஸை 3 கிலோமீட்டருக்குள் வையுங்கள். மினுமினுப்பை அது தடுக்காது, ஆனால் அயனி மண்டலத் தாமத வேறுபாட்டைக் குறைக்கும். ஜிபிஎஸ், குளோனாஸ், கலிலியோ, பெய்டோ நான்கையும் திறந்து வையுங்கள். ஒரே நேரத்தில் எல்லாச் செயற்கைக்கோளும் குமிழிக்குப் பின்னால் போவதில்லை, ஆகவே எண்ணிக்கைதான் உங்கள் காப்பு. எலிவேஷன் மாஸ்க்கை (இந்தக் கோணத்துக்குக் கீழே உள்ள செயற்கைக்கோள்களை ஒதுக்கும் வரம்பு) 10 டிகிரியிலிருந்து 15-க்கு உயர்த்துங்கள். 20-க்கு மேல் போனால் செயற்கைக்கோள்கள் வானில் பரவியிருக்கும் அமைப்பு கெட்டு பிடாப் (அந்த அமைப்பால் பிழை எவ்வளவு பெருகும் என்ற எண்) ஏறும். கன்ட்ரோலரில் தனித்தனிச் செயற்கைக்கோளை நீக்கும் வசதி இருந்தால், துடிப்பதை மட்டும் நீக்குவது மாஸ்க்கை ஏற்றுவதைவிட மேல். ஃபிக்ஸில் பங்கேற்பவை குறைந்தது 10, பிடாப் 2.5-க்குள், ரேஷியோ (ஃபிக்ஸின் நம்பகத்தைக் காட்டும் எண்) 3-க்கு மேல். இவற்றில் ஒன்று தவறினாலும் புள்ளியைச் சேமிக்காதீர்கள்.

குறைந்த அதிர்வெண்ணில் மினுமினுப்பு அதிகம். அதனால் எல்1 தாங்கி நிற்கும்போதே அதைவிடக் குறைந்த அதிர்வெண் கொண்ட எல்2-வும் எல்5-ம் முதலில் அறுந்து விழும். 'எல்5 புதியது, வலுவானது, அது காப்பாற்றும்' என்ற நம்பிக்கை இங்கே செல்லாது.

காரணம் குமிழியா, வேறா

எல்லாத் தடங்கலையும் சூரியன் தலையில் கட்டக்கூடாது. கன்ட்ரோலரின் சிக்னல் வலிமைப் பக்கத்தை, அல்லது கைப்பேசியில் ஜிபிஎஸ்டெஸ்ட் செயலியை, ஐந்து நிமிடம் உற்றுப் பாருங்கள்.

சில செயற்கைக்கோள்கள் மட்டும் சில விநாடிகளுக்குள் 10 டெசிபலுக்கு மேல் விழுந்து எழுகின்றன, மற்றவை 45-ஐ ஒட்டி அசையாமல் நிற்கின்றன என்றால் அது மினுமினுப்பு. கால் மணி, அரை மணியில் பாதிப்பு வேறு செயற்கைக்கோளுக்கு மாறும். குமிழி கிழக்கே நகர்வதால் மேற்கு வானில் உள்ளவை முதலில் சிக்குவது வழக்கம்.

ஒரே அலைவரிசையில் எல்லாமே ஒரேயடியாக விழுந்தால் அருகில் ஜாமர் அல்லது பழுதான டிரான்ஸ்மிட்டர் இருக்கலாம். பட்டப்பகலில் எல்லா அலைவரிசையும் சில நிமிடம் சேர்ந்து சரிந்தால் சூரிய ரேடியோ வெடிப்பாகவும் இருக்கலாம். 2006 டிசம்பர் 6 அன்று அப்படி ஒன்று பூமியின் பகல் பக்கத்து ஜிபிஎஸ் ரிசீவர்களைத் தடுமாற வைத்தது. வானில் தாழ்வாகத் தெரியும் செயற்கைக்கோள்கள் மட்டும் மெதுவாக ஊசலாடி, மறுநாள் அதே காட்சி 4 நிமிடம் முன்னதாகத் திரும்பினால் அது சுவரிலோ தகரக் கூரையிலோ பட்டுத் திரும்பும் சிக்னல். சிக்னல் வலிமை எல்லாம் நன்றாக இருந்து பேஸிலிருந்து வரும் திருத்தத்தின் வயது மட்டும் 5 விநாடிக்கு மேல் ஏறினால் பேஸ் ரேடியோவையோ சிம் கார்டையோ பாருங்கள், வானத்தை அல்ல.

ஐயம் தீர ஒரு நல்ல வழி உண்டு. ஜிபிஎஸுக்குத் திருத்தம் அனுப்பும் இந்தியாவின் ககன் சேவைக்கு ஒதுக்கிய 127, 128, 132 எண்களில் ஒன்றை ரிசீவர் பிடிக்கும்படி வையுங்கள். இவை புவிநிலைச் செயற்கைக்கோள்கள், வானத்தில் நகர்வதில்லை. பகலெல்லாம் நேர்கோடாக இருந்த வலிமை இரவு 8 மணிக்கு மரம்போல் ஆடினால், அருகில் எதுவும் மாறாதபோது, மாறியது அயனி மண்டலம்தான்.

ஃபிக்ஸ் என்று காட்டினாலும் நம்பாதீர்கள்

ஃப்ளோட் காட்டும் கருவி நேர்மையாகக் கைவிரிக்கிறது. தவறான ஃபிக்ஸ்தான் பணத்தைத் தின்னும். சிக்னல் அறுந்து மீண்டும் பிடிக்கும்போது முழு அலைகளின் எண்ணிக்கையை ரிசீவர் புதிதாகக் கணிக்க வேண்டும். எல்1-இல் ஓர் அலை 19 சென்டிமீட்டர், எல்2-வில் 24. கலங்கிய தரவில் எண்ணிக்கை ஒன்றிரண்டு பிசகினாலும் திரையில் 'ஃபிக்ஸ், 1.2 செ.மீ.' என்றே வரும். பிழை பெரும்பாலும் உயரத்தில் ஒளிந்திருக்கும்.

வேலை தொடங்கும் முன்னும், பின் ஒவ்வொரு மணிக்கும் தெரிந்த புள்ளியில் கம்பை நிறுத்திப் பாருங்கள். கிடையில் 2, உயரத்தில் 4 சென்டிமீட்டருக்கு மேல் விலகினால், கடைசியாகச் சரிபார்த்ததற்குப் பிறகு எடுத்த எல்லாப் புள்ளிகளும் சந்தேகத்துக்குரியவை. முக்கியப் புள்ளிகளை இருமுறை எடுங்கள். இடையில் ஆர்டிகேயை ரீசெட் செய்து புதிய ஃபிக்ஸ் வாங்க வேண்டும், இடைவெளி அரை மணியாவது வேண்டும். உடனே திரும்ப எடுத்தால் அதே பிழைதான் திரும்ப வரும், இரண்டும் அழகாக ஒத்துப்போய் உங்களை ஏமாற்றும்.

தரவிலிருந்தே உறுதி செய்ய

வாடிக்கையாளரோ ஒப்பந்ததாரரோ காரணம் கேட்டால் வாய்ச்சொல் போதாது. பேஸின் ரைனெக்ஸ் கோப்பிலிருந்து (ரிசீவர் தரவின் பொது வடிவம்) ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் இதைக் கணிக்கலாம். ஒரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் எல்1, எல்2 கட்ட (ஃபேஸ்) அளவுகளை 30 விநாடிக்கு ஒன்றாக எடுங்கள். எல்1-ஐ 0.1903-ஆலும் எல்2-வை 0.2442-ஆலும் பெருக்கி மீட்டராக்குங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து 9.52-ஆல் பெருக்கினால் எலக்ட்ரான் எண்ணிக்கையின் ஏற்ற இறக்கம் அலகுகளில் கிடைக்கும். அடுத்தடுத்த மதிப்புகளின் வித்தியாசத்தை 2-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கான மாற்றம். அப்படிப் பத்துப் பத்தாக, அதாவது 5 நிமிடத்துக்கு ஒருமுறை, திட்ட விலக்கம் காணுங்கள். அது 0.5-ஐத் தாண்டினால் அந்தப் பாதையில் கரடுமுரடு உண்டு. திடீரென்று ஒரே ஒரு பெரிய தாவல் மட்டும் இருந்தால் அது சைக்கிள் ஸ்லிப் (அலைகளின் எண்ணிக்கை தவறியது), அந்த வரியை நீக்கிவிட்டுக் கணியுங்கள். 20 டிகிரிக்குக் கீழே உள்ள செயற்கைக்கோளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அலுவலகத்தில் ஸ்டாட்டிக் தரவைச் செயலாக்கும்போது, இப்படிக் காட்டிய நேரத்தையோ செயற்கைக்கோளையோ வெட்டிவிட்டு ஓட்டுங்கள். அயனித் தாக்கம் நீக்கிய இரட்டை அதிர்வெண் சேர்க்கை நீண்ட பேஸ்லைனுக்கு நல்லது. 5 கிலோமீட்டர் பேஸ்லைனுக்கு வேண்டாம், அதில் இரைச்சல் ஏறக்குறைய மும்மடங்காகும்.

உண்மையான புயல் வரும்போது

இப்போது கேபியைப் பார்க்கலாம். நோவாவின் மூன்று நாள் முன்னறிவிப்பு உலக நேரத்தில் 3 மணிக் கட்டங்களாக இருக்கும், 5:30 கூட்டிக்கொள்ளுங்கள். 12–15 கட்டம் நமக்கு மாலை 5:30 முதல் 8:30 வரை, 15–18 கட்டம் 8:30 முதல் 11:30 வரை. நோவாவின் புயல் அளவுகோலில் கேபி 5 என்றால் ஜி1, 9 என்றால் ஜி5.

புயல் நம் பகுதியில் என்ன செய்யும் என்பது அது எந்த நேரத்தில் தாக்குகிறது என்பதைப் பொறுத்தது. முதன்மைக் கட்டம் நம் அந்தி நேரத்தோடு சேர்ந்தால், மேல் அடுக்கு வழக்கத்தைவிட உயரத் தூக்கப்பட்டுக் குமிழிகள் பெருகும், ஜூன் மாதமானாலும். பல மணி நேரம் முன்பே தொடங்கியிருந்தால், காற்றோட்டம் மாறி முன்னிரவுக் குமிழிகள் அடங்கிப்போகவும், நள்ளிரவுக்குப் பின் தாமதமாகக் கிளம்பவும் வாய்ப்புண்டு. எனவே ஜி3 அல்லது அதற்கு மேல் அறிவித்தால், அன்று இரவும் மறுநாள் விடியற்காலையும் ஆர்டிகே வேண்டாம். 2024 மே 10-இல் தொடங்கிய ஜி5 புயலின்போது அமெரிக்க மத்திய மேற்கில் விதைப்பு நேரத்தில் ஆர்டிகேயால் ஓடும் டிராக்டர்கள் நிறுத்தப்பட்டன. அன்று லடாக்கின் ஹன்லேயில் வானம் சிவந்தது.

சூரியனிலிருந்து கிளம்பும் பிளாஸ்மா மேகம் வந்து சேர 15 மணி முதல் 3 நாள் வரை ஆகும். அதன் காந்தத் திசை தெரிந்தால்தான் பலம் தெரியும், அதை 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலிருக்கும் ஆதித்யா-எல்1 போன்ற கலங்கள்தான் நேரில் அளக்க முடியும். அப்போது நம் கையில் இருப்பது 15 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். ட்ரோன் பறந்துகொண்டிருந்தால் இறக்கிவிட அது போதும். ட்ரோன் படப்பிடிப்புக்கு எப்போதுமே, புயல் இல்லாத நாளிலும், பேஸில் 1 விநாடிக்கு ஒருமுறை பதிவை ஓடவிடுங்கள். பறக்கும்போது ஆர்டிகே அறுந்தாலும், பறந்து முடிந்த பிறகு தரவை முன்னும் பின்னுமாக இருபுறமும் செயலாக்கும் பிபிகே முறையில் பல படங்களின் ஆயங்களை மீட்டுவிடலாம். பேஸ் பதிவு இல்லையென்றால் திரும்பப் பறப்பதைத் தவிர வழியில்லை.