வீட்டுக்கும் ஆபீஸுக்கும் ஒரே சட்டை: கழற்றி மாட்டும் காலர் தைப்பது எப்படி?

சட்டையில் முதலில் போவது காலர்தான். உடம்புப் பகுதி நன்றாகவே இருக்கும், துவைத்துத் துவைத்துத் துணியும் மெத்தென்று ஆகியிருக்கும். ஆனால் கழுத்து மடிப்பில் மட்டும் வெளுத்து, நூல் நூலாகப் பிரிந்திருக்கும். முன்பு தையல்காரரிடம் கொடுத்தால் காலரைப் பிரித்து, தேய்ந்த பக்கம் அடியில் போகும்படி திருப்பித் தைத்துக் கொடுப்பார். என்னிடம் இருந்த ஒரு நீலச் சட்டைக்கு அதை நானே செய்யலாம் என்று காலரைப் பிரித்தேன். பிரித்ததோடு சரி, வேறு வேலை வந்துவிட்டது. மேலே ஒரு தையல் ஓட்டிவிட்டு, காலர் இல்லாமலேயே காய்கறி வாங்கப் போட்டுக்கொண்டு போனேன். குர்தா மாதிரி காற்றோட்டமாக, சுகமாக இருந்தது. ஆபீஸுக்குத்தான் போட முடியவில்லை.

ஒரு சட்டை வீட்டுக்கா ஆபீஸுக்கா என்று முடிவு செய்வது இரண்டே இடங்கள்: கழுத்து, மணிக்கட்டு. அந்த இரண்டை மாற்றிக்கொள்ள முடிந்தால் சட்டை முழுவதும் மாறிய மாதிரிதான். இரட்டைப் பயன் உடை என்று கடையில் விற்பவற்றில் ஜிப், வார், கொக்கி என்று என்னென்னவோ இருக்கும். மாற்ற ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும் உடையை இரண்டாவது வாரத்துக்குப் பிறகு யாரும் மாற்றுவதில்லை என்பது என் அனுபவம். அதனால் இங்கே ஐந்து பட்டன் காலரும், கையை மடித்து நிறுத்த ஒரு சின்னப் பட்டியும் மட்டும்தான்.

இது புதிய யோசனையும் இல்லை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ட்ராய் நகரில் ஹன்னா மாண்டேகு என்ற பெண், 1827-இல் கணவருடைய சட்டைகளின் காலரை மட்டும் வெட்டி எடுத்து, துவைத்துத் திரும்ப மாட்டும்படி செய்தார் என்று சொல்வார்கள். அழுக்காவது காலர் மட்டும்தானே, முழுச் சட்டையையும் ஏன் துவைக்க வேண்டும் என்பதுதான் அவருடைய கேள்வி. பிறகு அந்த ஊரே காலர் தைத்துப் பிழைத்தது. ‘காலர் நகரம்’ என்றே பெயராகிவிட்டது. கொதிநீரிலும் கஞ்சியிலும் நின்று காலர் வெளுத்த பெண்கள், 1864-இல் கேட் முல்லனி தலைமையில் சங்கம் வைத்து வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு வாங்கினார்கள். நம் ஊரிலும் நீதிமன்றத்தில் பாருங்கள்: வழக்கறிஞர்கள் கழுத்தில் கட்டும் வெள்ளைப் பட்டை தனி. வேலை முடிந்ததும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள்.

சரி, சட்டைக்கு வருவோம்.

எந்தச் சட்டை?

முதல் முயற்சிக்குப் பழைய காட்டன் சட்டை போதும். காலரை நிமிர்த்திப் பாருங்கள். மேலே மடிந்து விழுவது காலர். அதைத் தாங்கிக்கொண்டு கழுத்தைச் சுற்றி நிற்பது பட்டி. இரண்டும் தனித்தனித் துண்டாக இருந்து, நடுவே தையல் ஓட வேண்டும். பட்டி இல்லாமல் காலர் நேராகத் தோளோடு சேர்ந்திருக்கும் சட்டைகளும் உண்டு. அவை இதற்கு ஆகாது. பின்கழுத்தில் பட்டியின் உயரம் ஒன்றேகால் இஞ்சுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது.

ஏற்கெனவே சைனீஸ் காலர் (மடிந்து விழும் காலர் இல்லாமல் பட்டி மட்டும்) வைத்த குர்தியோ சட்டையோ இருந்தால் பாதி வேலை மிச்சம். நேராகப் படி 3-க்குப் போய்விடலாம், வடிவம் வரைய மட்டும் அளவு ஒத்த வேறொரு பழைய காலர் வேண்டும்.

வாங்க வேண்டியவை

வெள்ளை காட்டன் பாப்ளின் அரை மீட்டர், காலர் விறைப்பாக நிற்க, இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் கேன்வாஸ் கொஞ்சம், பட்டன்கள், தையல் பிரிக்கும் ஊசி. மற்றதெல்லாம் தைக்கிறவர் வீட்டில் இருப்பதுதான்: டேப், சாக்பீஸ், குண்டூசி, நூல். மெஷினில் 14-ஆம் எண் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டன் அளவை ‘லைன்’ என்று கேட்க வேண்டும். 40 லைன் சேர்ந்தால் ஒரு இஞ்ச். சட்டையின் முன்பக்கம் இருப்பது பெரும்பாலும் 18 லைன். காலருக்கு 14 லைன் கேளுங்கள், ஐந்து போதும். சுமார் 9 மில்லிமீட்டர்தான் இருக்கும், காலருக்கு அடியில் புடைக்காது. கைகளுக்கு 18 லைனில் இரண்டு.

பாப்ளினை வெட்டுவதற்கு முன் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள். காட்டன் சுருங்கும். தைத்தபின் சுருங்கினால் பட்டன் ஒரு பக்கம், காஜா (பட்டன் நுழையும் ஓட்டை) ஒரு பக்கம் என்று நிற்கும்.

படி 1: காலரைப் பிரிப்பது

அவசரப்படக் கூடாத படி இதுதான். பிரிக்கும் முன் சாக்பீஸால் மூன்று குறிகள் போடுங்கள்: பட்டியின் பின்பக்கம் நட்டநடுவில் ஒன்று, காலர் தொடங்கும் இடத்தில் ஒன்று, முடியும் இடத்தில் ஒன்று. காலரிலும் நடுவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காலர், பட்டியின் இரண்டு துணிகளுக்கும் நடுவில் சொருகித் தைக்கப்பட்டிருக்கும். அங்கே பெரும்பாலும் இரண்டு தையல்கள் இருக்கும்: வெளியே தெரிகிற மேல்தையல், அதற்குள் மறைந்த தையல். முதலில் மேல்தையலை, இரண்டு முனைக் குறிகளுக்கும் இடையில் மட்டும் பிரியுங்கள். நான்கு தையலுக்கு ஒன்று வீதம் அறுத்துக்கொண்டே போய், மறுபக்கத்து நூலை இழுத்தால் நீளமாக உருவிக்கொண்டு வரும். பிறகு உள்தையலையும் அப்படியே. குறியைத் தாண்டி முன்பக்கம் போகாதீர்கள். பட்டியின் வளைந்த முனையைத் திரும்பத் தைப்பது கஷ்டம்.

பிளேடால் பிரிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நானும் அப்படித்தான் தொடங்கினேன். பட்டியில் அரை இஞ்சுக்கு ஒரு வெட்டு விழுந்தது. அதற்கு ஒட்டுப் போட்ட இடம் இன்றும் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது. ஊசிக்குக் கொடுக்கிற காசு வீண் போகாது.

படி 2: பட்டியை மூடுவது

இப்போது பட்டியின் மேல் வாய் திறந்திருக்கும். இரண்டு ஓரங்களும் பழைய மடிப்பில் தானாகவே உள்ளே திரும்பும். நூல் துணுக்குகளைப் பொறுக்கிவிட்டு, ஓரங்களை உள்ளே தள்ளி இஸ்திரி போடுங்கள். குண்டூசி குத்தி, விளிம்பை ஒட்டி ஒரு தையல். அவ்வளவுதான், வீட்டுச் சட்டை தயார்.

படி 3: கழற்றும் காலர்

பிரித்தெடுத்த காலர் நன்றாக இருந்தால் அதையே பயன்படுத்தலாம். தேய்ந்திருந்தால் பாப்ளின் மேல் வைத்து, மூன்று பக்கமும் தையலுக்குக் காலிஞ்ச் கூட்டி வரைந்து, இரண்டு துண்டு வெட்டுங்கள். அடிப்பக்கம் கூட்ட வேண்டாம், அங்கே பழைய தையல் விளிம்பு ஏற்கெனவே இருக்கிறது. ஒரு துண்டில் கேன்வாஸ் ஒட்டுங்கள். இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல், வைத்து அழுத்தி, தூக்கி அடுத்த இடத்தில் வையுங்கள். நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்கும்படி வைத்து மூன்று பக்கம் தைத்து, மூலையில் உபரித் துணியை நறுக்கி, திருப்பி, இஸ்திரி போட்டு, ஓரமாக மேல்தையல் போடுங்கள். நீலச் சட்டைக்கு வெள்ளைக் காலர் எடுப்பாகவே இருக்கும், வேண்டுமென்றே வைத்த மாதிரி.

அடுத்தது, சட்டையோடு சேர்க்கும் பூட்டுப் பட்டி. காலரின் அடிப்பக்க நீளத்தை அளந்து அரை இஞ்ச் கூட்டுங்கள். அந்த நீளத்தில், ஒன்றரை இஞ்ச் அகலத்தில் இரண்டு பட்டி. துணியின் நேர் இழையில் வெட்ட வேண்டும். கிராஸாக வெட்டினால் இழுபட்டுக் காலர் தொளதொளவென்று ஆகும். ஒன்றில் கேன்வாஸ் ஒட்டுங்கள்.

இரண்டு பட்டிகளின் நல்ல பக்கங்களுக்கு நடுவே காலரின் திறந்த ஓரத்தைச் சொருகி, நடுக்குறிகளைச் சேர்த்து, மேலே காலிஞ்சில் ஒரு தையல். இரு முனைகளிலும் பட்டி காலிஞ்ச் நீட்டிக்கொண்டிருக்கும், சரியா என்று பாருங்கள். அந்த முனைகளைத் தைத்துத் திருப்புங்கள். அடி ஓரத்தைக் காலிஞ்ச் உள்ளே மடித்து, சுற்றிலும் ஒரு மேல்தையல். ஒரு இஞ்ச் உயரத்தில் பூட்டுப் பட்டி கிடைத்துவிடும். சட்டைப் பட்டியை விட இது கால் இஞ்ச் குறைவு, அதனால் வெளியே எட்டிப் பார்க்காது.

படி 4: காஜா

பூட்டுப் பட்டியில் ஐந்து காஜா: பின்நடுவில் ஒன்று, தோள் தையல் வரும் இடங்களில் இரண்டு, முனைகளில் இரண்டு. முனைக் காஜாக்களை ஓரத்திலிருந்து ஒரு இஞ்ச் உள்ளே தள்ளி வையுங்கள், இல்லையென்றால் சட்டைப் பட்டியின் சொந்தப் பட்டனோடு மோதும். நீளம் 12 மில்லிமீட்டர். பின்நடுக் காஜா மட்டும் நெட்டுக்குத்தாக இருக்கட்டும், காலர் இடம் வலம் நகராது. மற்ற நான்கும் படுக்கைவசம்.

மெஷினில் ஜிக்ஜாக் இல்லையென்றால் காஜா எடுக்கும் கடையில் கொடுங்கள், நின்று வாங்கிவிடலாம். வீட்டிலேயே எடுத்தால், தைத்தபின்தான் நடுவில் வெட்ட வேண்டும். வெட்டும் முன் காஜாவின் ஒரு முனையில் குறுக்காக ஒரு குண்டூசி குத்தி வையுங்கள். வெட்டுகிற பிரிக்கும் ஊசி வழுக்கினாலும் அதில் இடித்து நின்றுவிடும்.

காஜாவுக்குப் பதில் வெல்க்ரோ வைத்தால் என்ன என்று தோன்றும். நான் வைத்துப் பார்த்தேன். துவைக்கும்போது பஞ்சும் தலைமுடியும் சேர்ந்துகொண்டது, ஓரம் கழுத்தைக் கீறியது. அமைதியாக இருந்த ஒரு மீட்டிங்கில் தலையைத் திருப்பியபோது சர்ரென்று சத்தம் வேறு.

படி 5: பட்டன் எங்கே?

பட்டன்கள் சட்டைப் பட்டியின் வெளிப்பக்கம் வரும். கழுத்தில் படாது, காலர் மடிந்து விழுந்தால் மறைந்தும் போகும்.

இடம் குறிப்பதில்தான் எல்லோரும் தவறுவார்கள். முதல் தடவை சட்டையை மேஜைமேல் விரித்து, காலரை மேலே வைத்துக் குறித்தேன். மாட்டிப் பார்த்தால் காலர் முனைகள் இரண்டும் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நின்றன. காரணம் எளிது: பூட்டுப் பட்டி, சட்டைப் பட்டிக்கு வெளியே சுற்றுகிறது. வெளிவட்டத்தின் சுற்றளவு உள்வட்டத்தை விடக் கொஞ்சம் அதிகம். தட்டையாக வைத்தால் அது தெரியாது.

அதனால் ஒரு குளியல் துண்டை உங்கள் கழுத்து அளவுக்குச் சுருட்டி, அதன்மேல் சட்டைப் பட்டியைப் பட்டன் போட்டு மாட்டுங்கள். காலரைப் பின்நடுவில் குண்டூசியால் நிறுத்தி, முன்னால் சுற்றிக் கொண்டுவந்து, காஜாவின் ஓட்டை வழியாகப் பென்சிலால் புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிகளில் பட்டன். நூலை இறுக்காமல், பட்டனுக்கு அடியில் 2 மில்லிமீட்டர் நூல் கழுத்து விட்டு, அதைச் சுற்றி நாலு சுற்று சுற்றி முடியுங்கள். காஜாவின் தடிமனுக்கு அந்த இடம் வேண்டும்.

படி 6: கை

இது சுலபம். சட்டையைப் போட்டுக்கொண்டு, முழங்கை வரை சட்டைக் கையை மடித்துப் பாருங்கள். மடிப்பின் கீழ் ஓரத்திலிருந்து மூன்று இஞ்ச் மேலே ஒரு குறி. ஏழரை இஞ்ச் நீளம், இரண்டரை இஞ்ச் அகலத்தில் ஒரு துண்டை நீளவாக்கில் மடித்து, பக்கமும் ஒரு முனையும் காலிஞ்சில் தைத்துத் திருப்புங்கள். திறந்த முனையை உள்ளே மடித்து மூடுங்கள். மூடிய முனைக்கு எதிர் முனையில், அரை இஞ்ச் உள்ளே ஒரு காஜா. இங்கே பட்டன் பெரியது, அதனால் 14 மில்லிமீட்டர். மூடிய முனையைக் குறித்த இடத்தில், கையின் உள்பக்கம் சதுரமாகத் தைத்துவிட்டு, அதே இடத்தில் வெளியே 18 லைன் பட்டன் வையுங்கள். கையை மடித்து, பட்டியை அடியில் சுற்றி வெளியே கொண்டுவந்து மாட்டினால் நிற்கும். வேண்டாதபோது பட்டி கைக்குள்ளேயே கிடக்கும். வேட்டியை மடித்துக் கட்டுவதும் இறக்கிவிடுவதும் மாதிரிதான், பட்டன் வைத்த வேட்டி.

மாட்டுவதும் வைப்பதும்

மாட்டும்போது பின்நடுப் பட்டனை, சட்டையைப் போடுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். மற்ற நான்கும் கண்ணாடி இல்லாமலேயே கைக்கு வரும். எனக்கு முதல் நாள் மூன்று நிமிடம் ஆனது, இப்போது பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே போட்டுக்கொள்கிறேன்.

சட்டைக்கு இரண்டு காலர் தைத்துக்கொள்ளுங்கள், அரை மீட்டரில் தாராளமாக வரும். துவைக்கும்போது காலரைக் கழற்றித் தனியாகச் சோப்புப் போட்டு, சோறு வடித்த கஞ்சியைத் தண்ணீர் விட்டு விளாவி, வடிகட்டி, அதில் முக்கி எடுங்கள். அரை ஈரத்தில் இஸ்திரி போட்டால் கடைக் காலரை விட விறைப்பாக நிற்கும்.

பையில் வைக்கும்போது நான்காக மடிக்காதீர்கள், மடித்த தடம் போகவே போகாது. அந்தக் காலத்தில் இதற்கென்றே வட்டமாகத் தோல் பெட்டி வைத்திருந்தார்கள். நான் ஒரு பழைய எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குள் சுருட்டி வைக்கிறேன். ஒரு தடவை சாம்பார் டப்பாவோடு மாறிவிட்டது, அதனால் இப்போது மூடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன்.