உடைத்துக் கொடுத்த மாத்திரை

பெருங்குடல் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மாவுக்கு கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். 500 மி.கி. மாத்திரை, காலை மூன்று, இரவு மூன்று. 14 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்தம். கீமோ என்றாலும் ஊசி இல்லை, மாத்திரைதானே என்று எனக்குக் கொஞ்சம் அலட்சியம்.

விழுங்க முடியவில்லை என்று அம்மா சொன்னதும் வெறுங்கையால் உடைத்து, தயிர்சாதத்தில் பிசைந்து கொடுத்தேன். நர்ஸிடம் சொன்னபோது நல்ல திட்டு. அந்தத் தூள் என் தோலிலும் மூச்சிலும் போகுமாம். அன்றிலிருந்து கையுறை. பிபி மாத்திரையோடு கலக்காமல் தனி டப்பா. சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் ஒவ்வொன்றாக, முழுசாக, தண்ணீரோடு. நிதானமாகக் கொடுத்தால் இறங்கத்தான் செய்தது.

இரண்டாவது சுற்றில் உள்ளங்கை சிவந்தது. பாத்திரம் துலக்குவதால் என்று நினைத்தோம். நாலே நாளில் குதிகால் வெடித்து, ரவிக்கை ஊக்கு மாட்டக்கூட விரல் மடங்கவில்லை. போன் செய்ததும், இது கேப்சிடபினின் பக்கவிளைவு என்று டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். ஆறிய பிறகு அளவைக் குறைத்துத் தொடர்ந்தார். யூரியா கிரீம், பருத்திக் காலுறை, வெந்நீர் கூடாது. சிவந்த அன்றே கூப்பிட்டிருக்க வேண்டும்.

வயிற்றுப்போக்கு ஒரே நாளில் வழக்கத்தைவிட நாலு தடவை கூடினாலோ, காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டாலோ அதேபோல உடனே போன். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும், ரத்தப்போக்கு ஆபத்து கூடும். ஒருநாள் இரவு வேளை தவறிப்போனது; காலையில் சேர்த்துக் கொடுக்கவில்லை, விட்டுவிட்டோம்.

இப்போது காலண்டரில் அம்மாவே வட்டம் போடுகிறார். நிறுத்த நாட்களுக்கு மட்டும் பச்சை மை.