ஒரு சொடுக்கு இரண்டாக விழுகிறதா? மவுஸ் சுவிட்சை நாமே மாற்றும் முறை

கோப்பு ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்காக ஒருமுறை சொடுக்கினால் அது திறந்தே விடுகிறது. பத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்து இழுத்துச் செல்லும்போது பாதி வழியில் கை நழுவியதுபோல் வேறொரு கோப்புறைக்குள் விழுந்துவிடுகின்றன. விளையாட்டில் விசையை அழுத்திப் பிடித்திருக்கும்போதே சுடுவது நின்று, மறுபடியும் தொடங்குகிறது. என் கேமிங் மவுஸின் இடது பொத்தானில் இந்த மூன்றும் ஒரே மாதத்தில் வந்தபோது, உத்தரவாதக் காலம் முடிந்திருந்ததால் நானே திறந்து பார்த்தேன். முதல் முயற்சியில் உள்ளிருக்கும் மின்சுற்றுப் போர்டைச் சேதப்படுத்தி, பிறகு அதையும் சரிசெய்து, அதன்பின் நண்பர்களின் மவுஸ்கள் சிலவற்றையும் பழுதுநீக்கிய அனுபவத்தில் இதை எழுதுகிறேன். சால்டரிங் அயர்னைப் பிடித்துப் பழகியவர்கள், ஆனால் மவுஸைத் திறந்தே பார்க்காதவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது இது. உங்கள் மவுஸுக்கு உத்தரவாதம் மீதமிருந்தால் இதற்குமேல் படிக்காமல் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

பழுது சுவிட்சில்தான் என்று உறுதிசெய்தல்

முதலில் மவுஸை வேறு யுஎஸ்பி துளையிலும், முடிந்தால் வேறு கணினியிலும் செருகிப் பாருங்கள். பிறகு விண்டோஸ் அமைப்புகளில் மவுஸ் பகுதிக்குச் சென்று முதன்மைப் பொத்தானை வலதுபுறத்துக்கு மாற்றுங்கள். இப்போது வலது பொத்தானால் கோப்புகளை இழுக்கும்போது எந்தத் தடங்கலும் இல்லையென்றால், மென்பொருளில் குறையில்லை. இடது பொத்தானின் கீழிருக்கும் சிறு சுவிட்ச்தான் நோயாளி. இரட்டைச் சொடுக்கின் வேகத்தை மாற்றி வைப்பது வலிக்கு மாத்திரை விழுங்குவது போன்றது. நோய் அப்படியேதான் இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. என் மேசையில் லினக்ஸ் கணினியும் உண்டு. அதில் செருகியபோது மவுஸ் ஒழுங்காக வேலை செய்ததால், குறை விண்டோஸில்தான் இருக்கிறது என்று எண்ணி ஒரு நாள் முழுவதும் டிரைவர்களை நீக்கியும் நிறுவியும் வீணடித்தேன். லினக்ஸில் உள்ளீட்டுக் கருவிகளைக் கையாளும் லிபின்புட் என்னும் மென்பொருள், பொத்தான்களின் இத்தகைய துள்ளலைக் கண்டறிந்து தானே வடிகட்டிவிடும் என்பது பின்னர்தான் தெரிந்தது. ஆகவே அங்கே நன்றாக இருப்பதை வைத்து மவுஸ் நலமென்று முடிவுகட்ட வேண்டாம்.

சுவிட்சுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே வளைந்த ஒரு மெல்லிய உலோகத் தகடு இருக்கிறது. அழுத்தும்போது அது சட்டென்று மடங்கிக் கீழேயுள்ள தொடுமுனையில் மோதுகிறது. மோதிய வேகத்தில் ஓரிரு முறை துள்ளவும் செய்யும். இப்படித் தகடு மோதும் எந்தச் சுவிட்சும் இதற்கு விலக்கல்ல. மவுஸுக்குள் இருக்கும் மென்பொருள், அந்தச் சில மில்லி விநாடிகளைக் கணக்கில் கொள்ளாமல் விட்டுவிடும். லட்சக்கணக்கான சொடுக்குகளுக்குப் பிறகு தகட்டின் விறைப்பு தளர்ந்து, தொடுமுனையில் ஆக்சைடு படலமும் படியும்போது, துள்ளல் அந்த வரம்பைத் தாண்டி நீள்கிறது. கணினி அதை இரண்டாவது சொடுக்காக எண்ணிக்கொள்கிறது. மவுஸில் ஓடும் மின்னோட்டம் மிகவும் குறைவு என்பதால், அந்தப் படலத்தை எரித்து நீக்கும் வலு அதற்கு இல்லை.

வாங்க வேண்டியவை

சுவிட்ச்: பெரும்பாலான கேமிங் மவுஸ்களில் இருப்பது ஏறத்தாழ 12.8 மி.மீ. நீளமும் 5.8 மி.மீ. அகலமும் கொண்ட, மூன்று கால்களுள்ள மைக்ரோ சுவிட்ச். எனக்குப் பிடித்தது கைல் நிறுவனத்தின் ஜிஎம் 8.0, சொடுக்கு அழுத்தமாகவும் தெளிவாகவும் விழும். சொடுக்கு மென்மையாக இருக்க விரும்புவோர்க்கு அது சற்றுக் கடினமாகத் தோன்றலாம்; அவர்கள் ஓம்ரானின் டி2எஃப்-01எஃப் வாங்கலாம். கேமிங்குக்கென்று தனியாக விளம்பரம் செய்யப்படாத அந்தச் சுவிட்ச், குறைந்த மின்னோட்டத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டது. இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் இரு விரல்களுக்கும் இரு வேறு உணர்வு தெரிந்து, அந்த வேறுபாடு நாள் முழுவதும் உறுத்தும். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் தேடுவதானால், அளவைச் சொல்வதைவிடப் பழைய சுவிட்சின் படத்தைக் காட்டிக் கேட்பது விரைவில் பலன் தரும்.

கருவிகள்: வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள சால்டரிங் அயர்ன், 63/37 ஈயக் கம்பி (63% வெள்ளீயமும் 37% காரீயமும் கலந்த பற்றவைப்புக் கம்பி), ரோசின் பேஸ்ட், ஈயத்தை உறிஞ்சும் சக்கர், சிறிய கட்டர், பிலிப்ஸ் திருப்புளி, ஐசோபுரொபைல் ஆல்கஹால், மல்டிமீட்டர். சாதாரண 25 வாட் அயர்னால் புதிய சுவிட்சைப் பற்றவைத்துவிடலாம். ஆனால் பழையதைக் கழற்றும்போதுதான் அது கைவிடும். செலவைக் குறைக்க நினைத்தால் வேறெதிலாவது குறையுங்கள், அயர்னில் வேண்டாம். செப்பு வலைநாடா கொண்டு ஈயத்தை உறிஞ்சும் முறையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். துளைக்குள் இருக்கும் ஈயத்துக்குச் சக்கரே மேல் என்பது என் கருத்து.

திறத்தல்

திருகுகள் பெரும்பாலும் அடியிலுள்ள வழுக்குப் பட்டைகளுக்குக் கீழே மறைந்திருக்கும். தலைமுடி உலர்த்தியால் அரை நிமிடம் வெப்பம் காட்டி, நகத்தால் மெதுவாகக் கிளப்புங்கள். பட்டை மடிந்துவிட்டால் திரும்ப ஒட்டினாலும் சமமாக உட்காராது. எனவே மாற்றுப் பட்டைகளையும் முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. மேல்மூடியையும் போர்டையும் மெல்லிய நாடா கேபிள் ஒன்று இணைத்திருக்கக்கூடும் என்பதால், மூடியை வேகமாகத் தூக்காதீர்கள். கம்பியில்லா மவுஸ் என்றால், முதல் வேலையாக பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். போர்டை வெளியே எடுக்கும்போது சென்சாருக்குக் கீழே இருக்கும் கண்ணாடி போன்ற சிறிய லென்ஸ் நழுவி விழலாம். அதை விரலால் தொடாமல் ஓரமாக எடுத்து வையுங்கள். ஒவ்வொரு படியிலும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பாக, சுவிட்சின் மேலுள்ள சிறு குமிழ் எந்தப் பக்கம் தள்ளி அமைந்திருக்கிறது என்பது படத்தில் தெரிய வேண்டும்.

பழைய சுவிட்சை எடுத்தல்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். காணொளிகளில் அயர்னை வைப்பார்கள், சக்கரை ஒருமுறை அழுத்துவார்கள், சுவிட்ச் உதிர்ந்துவிடும். எனக்கு முதல் இரண்டு கால்களும் அப்படித்தான் வந்தன. மூன்றாவது காலில் மட்டும் ஈயம் உருகியும் உருகாததுமாக மந்தமாகவே கிடந்தது. அயர்னை அதிக நேரம் அழுத்திப் பிடித்து, மறுகையால் சுவிட்சை லேசாக ஆட்டி இழுத்தேன். ‘டிக்’ என்று ஓர் ஒலி. சுவிட்ச் கையோடு வந்தது. அதன் மூன்றாவது காலைச் சுற்றி ஒரு மோதிரம்போல மெல்லிய செப்பு வளையமும் வந்தது. போர்டில் இருந்திருக்க வேண்டிய வளையம் அது.

காரணம் எளியது. அந்தக் கால் போர்டின் கிரவுண்டு இணைப்பில் இருக்கிறது. கிரவுண்டு என்பது போர்டு முழுவதும் பரந்திருக்கும் செப்புப் பரப்பு. அயர்ன் கொடுக்கும் வெப்பத்தை அந்தப் பரப்பு அப்படியே வாங்கிப் பரப்பிவிடுவதால் காலடியில் வெப்பம் தங்குவதில்லை. போதாதற்கு, ஆலையில் பயன்படுத்தும் காரீயம் இல்லாத பற்றவைப்புக் கலவை ஏறத்தாழ 217 பாகை செல்சியஸில்தான் உருகும். நம்முடைய 63/37 கம்பியோ 183 பாகையிலேயே உருகிவிடும்.

இந்தக் கடைசி வரியில்தான் தீர்வும் இருக்கிறது. கழற்றுவதற்கு முன், மூன்று கால்களிலும் பேஸ்ட் தடவி, புதிய ஈயத்தைத் தாராளமாகச் சேர்த்துப் பழையதோடு கலந்துவிடுங்கள். கலவையின் உருகுநிலை இறங்கும். பெரிய ஈயத்துளி வெப்பத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அயர்னை 350 பாகையில் வைத்து, கூர்முனைக்குப் பதிலாக உளிபோன்ற தட்டைமுனையைப் பயன்படுத்துங்கள். நீக்குவதற்காக ஈயத்தைச் சேர்ப்பது முரணாகத் தோன்றும். செய்து பார்த்தால் நம்புவீர்கள்.

அடுத்தது இதைவிட முக்கியம். அந்தச் சுவிட்ச் செத்துவிட்டது. அதை முழுதாக வெளியே எடுக்க வேண்டிய தேவையே இல்லை. காப்பாற்ற வேண்டியது போர்டைத்தான். ஆகவே சுவிட்சின் மேல்மூடியைக் கத்திமுனையால் நெம்பி எடுத்து, உள்ளே இருக்கும் தகட்டையும் பிடுங்கிவிடுங்கள். பிறகு, அடிப்பகுதிப் பிளாஸ்டிக்கைக் கால்களுக்கு இடையே கட்டரால் நறுக்குங்கள். இப்போது மூன்று கால்களும் தனித்தனித் துண்டுகளாக நிற்கும். ஒவ்வொன்றையும் இடுக்கியால் பிடித்துக்கொண்டு, பின்புறம் அயர்னை வைத்தால், ஈயம் உருகிய கணத்தில் அதுவாகவே வழுக்கி வெளியே வரும். இழுக்கவே கூடாது. வரவில்லையென்றால் ஈயம் இன்னும் உருகவில்லை என்று பொருள். பலம் போதவில்லை என்று பொருளல்ல.

துளைகளில் தேங்கிய ஈயத்தை எடுக்க, ஒருபுறம் அயர்னையும் மறுபுறம் சக்கரையும் வைத்து உறிஞ்சுங்கள். பிடிவாதமான துளையில் மீண்டும் ஈயம் சேர்த்து, மீண்டும் உறிஞ்ச வேண்டியதுதான். குண்டூசியால் குத்திக் குடையாதீர்கள்.

வளையம் பிய்ந்தே போய்விட்டால் மனம் தளர வேண்டாம். போர்டின் பின்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், அந்தத் துளையிலிருந்து கிளம்பும் செப்புக்கோடு எங்கே போகிறது என்பது தெரியும். என் விஷயத்தில் அது கிரவுண்டு என்பதால், பக்கத்திலிருந்த பச்சைப் பூச்சைக் கத்தியால் கடுகளவு சுரண்டி, செம்பு பளபளத்ததும் அதில் ஈயம் பூசி, மின்கம்பியிலிருந்து உருவிய ஒற்றை இழையால் புதிய சுவிட்சின் காலோடு இணைத்தேன். பார்க்க அழகாக இல்லை. ஆனால் அந்த மவுஸ் இன்றும் ஓடுகிறது.

புதியதைப் பொருத்துதல்

எடுத்து வைத்த படத்தைப் பார்த்து, குமிழ் அதே பக்கம் வருமாறு சுவிட்சை இறக்குங்கள். திருப்பிப் போட்டாலும் கால்கள் துளைகளில் இறங்கிவிடும் என்பதால், துளையை நம்பி ஏமாற வேண்டாம். முதலில் நடுக்காலை மட்டும் பற்றவைத்து, பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: சுவிட்சின் அடி போர்டோடு இடைவெளியின்றிப் படிந்திருக்க வேண்டும். சாய்ந்திருந்தால், அந்தக் காலை மறுபடி உருக்கி, விரலால் மேலிருந்து அழுத்திப் படியவிட்டு, பிறகே மற்ற இரண்டையும் பற்றவையுங்கள். ஒரு காலுக்கு மூன்று விநாடிகள் போதும். அதிக நேரம் வைத்தால் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் இளகி, புதிய சுவிட்சே பழுதாகும்.

மூடுவதற்கு முன் மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, குமிழை அழுத்தி விடுங்கள். ஒலி வெட்டில்லாமல் தொடங்கி, விட்டதும் நிற்க வேண்டும். மிஞ்சிய பேஸ்ட்டைப் பழைய பல்துலக்கியில் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள், சென்சார் பக்கம் வழியாமல். ஈயத்தைத் தொட்ட கைகளைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகே சாப்பாட்டில் கை வையுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துச் செய்து பார்த்த சிலர் வேறு சிக்கல்களைச் சொன்னார்கள்.

மூடியதும் பொத்தான் அழுந்தியபடியே நிற்கிறது என்றார் ஒருவர். அவருடைய சுவிட்ச் சற்று மேலெழும்பி நின்றது. மூடியின் அடியிலுள்ள முனை குமிழை எப்போதும் அழுத்திக்கொண்டிருந்தது. மூன்று கால்களையும் மறுபடி உருக்கிப் படியவைத்ததும் சரியாகிவிட்டது.

பக்கவாட்டுப் பொத்தான்கள் வேலை செய்யவில்லை என்றவருக்கு நாடா கேபிள் முழுமையாக உள்ளே போகவில்லை. கேபிளைச் செருகிய பிறகு இணைப்பியின் சிறு தாழ்ப்பாளை அழுத்திப் பூட்ட வேண்டும். அதை எழுத விட்டது என் தவறு.

சால்டரிங் செய்யாமல் கான்டாக்ட் கிளீனரைச் சுவிட்சுக்குள் தெளிக்கலாமா என்று பலர் கேட்டார்கள். தெளிக்கலாம், படிந்திருப்பது வெறும் அழுக்கு என்றால் சிறிது காலம் நன்றாகவே இருக்கும். தளர்ந்த தகட்டை எந்தத் தெளிப்பும் நிமிர்த்தாது. துருவுக்கு அடிக்கும் எண்ணெய்த் தெளிப்பை மட்டும் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். அது தூசியைச் சேர்த்து ஒட்டவைக்கும்.

உங்கள் மவுஸில் ஆப்டிகல் சுவிட்ச் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. அதில் தகடு மின்சாரத்தை இணைப்பதில்லை. அகச்சிவப்பு ஒளிக்கற்றை மறைக்கப்படுவதோ திறந்துவிடப்படுவதோதான் சொடுக்காகப் பதிவாகிறது. அதற்கு மேலே சொன்ன சுவிட்சுகள் பொருந்தா. வாங்குவதற்கு முன் மவுஸைத் திறந்து உள்ளே எந்த வகைச் சுவிட்ச் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.