ஐப்பசி மழையில் தங்கையின் வரவேற்பு

புரட்டாசி முடிந்ததும் கிடைத்த முதல் முகூர்த்தத்திலேயே தங்கையின் கல்யாணத்தை வைத்தோம். ஐப்பசி, சென்னையில் வடகிழக்குப் பருவமழை நேரம். மண்டபம் கிடைக்கவில்லை. சரி, தண்டையார்பேட்டையில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் பந்தல் போட்டு வரவேற்பை நடத்திவிடலாம் என்று முடிவு செய்தோம்.

முந்தின நாளே பந்தல் எழும்பிவிட்டது. அன்று இரவு பெய்த மழையில் ஷாமியானாத் துணி நடுவில் தொட்டில் மாதிரி தொங்கியது. ஒரு மூங்கில் கழி வளைந்தே போயிருந்தது. அதைப் பார்த்து அம்மா அழுதுவிட்டார்.

கழியால் தூக்கி நீரை வடித்தாலும் மறுபடி தேங்கும். கூரை தட்டையாக இருந்ததுதான் கோளாறு. பந்தல்காரரிடம், "அண்ணே, நடுவுல உசத்திக் கட்டுங்க" என்றேன். உயரமான சவுக்குக் கட்டைகளை நடுவில் நட்டு, இரண்டு பக்கமும் சரிவாகத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். துணி அதன் அடியில், அலங்காரத்துக்கு மட்டும். கடல் பக்கம், அதாவது கிழக்கே, தகரம் அடைத்தோம். தண்ணீர் விழும் இடத்தில் வாய்க்கால் வெட்டினோம். அப்புறம் ஜெனரேட்டரைச் செங்கல் அடுக்கி மேலே ஏற்றினோம். தரையில் கிடந்த ஒயர்களையெல்லாம் தலைக்கு மேலே தூக்கிக் கட்டச் சொன்னேன். இந்த ஒரு விஷயத்தில் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மாலை 7 மணிக்கு மழை பிடித்தது. தார்ப்பாயில் படபடவென்று சத்தம். கீழே இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. ஒரு இலையிலும் சொட்டு விழவில்லை.